முட்டுவலிக்கு ஒத்தடம்: எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், அப்புறம் என்ன?

கேள்வி: எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கம். அம்மாவுக்கு 67 வயது. சின்ன வயதிலிருந்தே அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், குத்தவைத்திருந்து அண்டி உடைக்கிற வேலை. பத்து வருஷத்துக்கு மேலாக சுகர் இருக்கிறது. இரண்டு முட்டிலும் வலி, இடது பக்கம் கூடுதல். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் தேய்மானம் என்றார். ராத்திரி உப்புக் கிழியும் (வறுத்த உப்பைத் துணியில் கட்டியது) ரப்பர் ஹாட் பேக்கும் வைத்தால்தான் அம்மாவுக்குத் தூக்கம் வருகிறது, சில நாள் பேக்கைக் கால் மேலேயே வைத்துத் தூங்கிவிடுகிறார். இப்போது இடது முட்டின் தோலில் தவிட்டு நிறத்தில் வலை மாதிரி கோடுகள் தெரிகின்றன. கேட்டால் சூடு பட்டதே தெரியவில்லை என்கிறார். ஒத்தடம் நல்லதா, கெட்டதா? ஐஸ்தான் வைக்க வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார், நாகர்கோவிலில் போய் மெழுகு வைக்கச் சொல்கிறார் இன்னொருவர். என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, ஒத்தடம் நல்லதுதான். தேய்மான வலிக்கு வீட்டிலேயே கொடுக்கக்கூடிய, செலவில்லாத நிவாரணம் அது. ஆனால் இன்றைக்கு ராத்திரியிலிருந்து அம்மா பேக்கைக் கால் மேல் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. இதை முதலில் நிறுத்துங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

அந்த வலைக் கோடுகள் அழுக்கும் இல்லை, எண்ணெய்க் கறையும் இல்லை. கொப்புளம் போடும் அளவுக்குச் சூடு இல்லாமல், அதே இடத்தில் மாதக்கணக்கில் மிதமான சூடு பட்டுக்கொண்டே இருந்தால் தோலுக்கு அடியில் இருக்கும் சின்ன ரத்தக் குழாய்களின் வழியே நிறம் இப்படி வலைப்பின்னலாக ஏறிவிடும். அடுப்படியில் நெருப்புப் பக்கமாகவே உட்கார்ந்து வேலை செய்த பழைய காலத்துப் பெண்களின் முழங்காலில் வந்ததும் இதுதான். சூட்டை நிறுத்தினால் பெரும்பாலும் மெல்ல மங்கும், அதற்கு மாதங்கள் ஆகலாம். நிறுத்தாமல் வருஷக்கணக்கில் தொடர்ந்தால் அந்தத் தோல் புற்றாக மாறும் அபாயம் உண்டு, அபூர்வமாகத்தான் என்றாலும் உண்டு. அதனால் ஒரு தோல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், கோடு மங்கும்வரை அந்த இடத்தில் சூடு வேண்டாம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது கோடுகள் இல்லை, "சூடு பட்டதே தெரியவில்லை" என்று அம்மா சொன்னதுதான். நீண்ட நாள் சுகர் நரம்பைக் கெடுக்கும். முதலில் கால் விரல் நுனி மரத்துப்போகும், பிறகு பாதம், கணுக்கால் என்று மேலே ஏறும். பொதுவாக அது முழங்கால் அளவுக்கு வரும்போதுதான் கை விரல்களில் ஆரம்பிக்கும். அதாவது அம்மாவின் கை நன்றாகச் சூடு உணர்ந்தாலும் முட்டு உணராமல் இருக்கலாம். "கையில வச்சுப் பாத்தேன், சூடு கம்மிதான்" என்று சொல்லிவிட்டு முட்டில் வைத்துக் கொப்புளத்தோடு வருகிற பெரியவர்களை நான் வழக்கமாகப் பார்க்கிறேன். சுகர்காரர்களுக்கு அந்தக் கொப்புளம் ஆறுவதற்குள் படும் பாடு முட்டுவலியைவிட மோசம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். இரண்டு சில்வர் தம்ளர் எடுங்கள், ஒன்றில் குடிக்கிற சூட்டுக்கும் குறைவாக இளவெந்நீர், இன்னொன்றில் பானைத் தண்ணீர். அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, தம்ளரின் அடிப்பக்கத்தை முட்டின் மேலும் பக்கவாட்டிலும் மாற்றி மாற்றித் தொட்டு, சூடா குளிரா என்று கேளுங்கள். ஒரே வரிசையில் வேண்டாம், அம்மா ஊகித்துவிடுவார். அதே மாதிரி தொடையிலும் முன்கையிலும் தொட்டுப் பாருங்கள். அங்கெல்லாம் டக்கென்று சொல்லிவிட்டு முட்டில் மட்டும் யோசித்தாலோ, மாற்றிச் சொன்னாலோ, அம்மாவின் முட்டில் நேரடிச் சூடு வைக்கக் கூடாது. சரியாகச் சொன்னாலும் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலோ பாத உணர்வைச் சோதிக்கச் சொல்லுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் தொட்டுப் பார்ப்பார்கள், வலிக்காது, சில நிமிஷ வேலை.

சூடு எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 60 டிகிரி வெந்நீர் பட்டால் பெரியவர்களின் தோல் ஏறக்குறைய 5 நொடியில் ஆழமாக வெந்துவிடும். 44 டிகிரி என்பது கை வைத்தால் இதமாக இருக்கிற சூடு, ஆனால் அதுவே 6 மணி நேரம் ஒரே இடத்தில் இருந்தால் தோல் வேகும். பேக்கோடு தூங்குவது ஏன் கூடாது என்றால் இதனால்தான். வயதாக ஆகத் தோல் மெலிந்துவிடுவதால் இந்த நேரமும் குறையும்.

சரி, ஒத்தடம் உள்ளே என்னதான் செய்கிறது? மேலோட்டமான சூடு தோலுக்கு அடியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் இறங்கும். அந்த அளவுக்குள் ரத்த ஓட்டம் கூடும், வலியால் இறுகிப்போன தொடைத் தசை தளரும், மூட்டைச் சுற்றிய சவ்வும் தசைநாரும் கொஞ்சம் இளகும், வலி உணர்வு தற்காலிகமாக அடங்கும். தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்க்காது, தேய்மானத்தை நிறுத்தவும் செய்யாது. நிவாரணம் ஒரு மணி நேரமோ சில மணி நேரமோதான். மூட்டுநோய்க்கான அமெரிக்க மருத்துவர் அமைப்பு 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உடற்பயிற்சியையும், எடை கூடியவர்களுக்கு எடை குறைப்பையும் உறுதியாகப் பரிந்துரைத்தார்கள், சூடு, ஐஸ் வைத்தியத்தை "செய்து பார்க்கலாம்" என்ற அளவில்தான் வைத்தார்கள். என் அனுபவமும் அதுவே. ஒத்தடத்தை மட்டும் வருஷக்கணக்கில் கொடுத்து வலி போன ஒருவரை நான் பார்த்ததில்லை.

அப்படியென்றால் ஏன் கொடுக்க வேண்டும்? ஒத்தடம் எடுத்ததும் முட்டு இளகி, வலி குறைந்து ஒரு அரை மணி நேரம் கிடைக்கிறதே, அந்த அரை மணி நேரத்துக்காகத்தான். துருப்பிடித்த கீலில் எண்ணெய் விட்டால் உடனே கதவைத் திறந்து மூடிப் பழக்குவோம் இல்லையா, எண்ணெயை விட்டுவிட்டுக் கதவை அப்படியே சாத்தி வைக்க மாட்டோமே. அம்மா செய்வது அதைத்தான்: ராத்திரி சூடு வைத்து, முட்டு இளகினதும் படுத்துத் தூங்கிவிடுகிறார். இளகின முட்டுக்கு வேலை கொடுக்காமலே விடிந்துவிடுகிறது, காலையில் மறுபடியும் இறுக்கம். அதனால் ஒத்தடத்தைக் காலைக்கு மாற்றுங்கள். கருப்பட்டிக் காப்பி குடித்து முடித்ததும் ஒத்தடம், ஒத்தடம் முடிந்ததும் பயிற்சி. ராத்திரியிலும் வேண்டுமென்றால் சாப்பாட்டுக்கு முன்னால், விழித்திருக்கும்போது மட்டும்.

கொடுக்கிற விதத்தைச் சொல்கிறேன், கோடு விழுந்த இடது முட்டுக்கு மட்டும் அது மங்கினபிறகுதான். எனக்குப் பிடித்தது நம்மூர்த் துவர்த்து, அதாவது மெல்லிய துண்டுதான். ஈரச் சூடு வறண்ட சூட்டைவிடச் சீக்கிரம் இறங்கும், தோலையும் உலர்த்தாது, முக்கியமாக இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாகவே ஆறிவிடும், யாரும் மறந்து தூங்கிப்போனாலும் ஆபத்தில்லை. ஒரு பங்கு கொதித்த தண்ணீருக்கு இரண்டு பங்கு பச்சைத் தண்ணீர் கலந்தால் சுமார் 50 டிகிரி வரும். துவர்த்தை மடித்து அதில் முக்கி, சொட்டாமல் பிழியுங்கள். பிழிகிற கை உங்கள் கையாக இருக்கட்டும், அம்மாவின் கை வேண்டாம். உங்களால் பிழிய முடியாத சூடு என்றால் அம்மாவின் முட்டுக்கும் அது அதிகம். பிழிந்ததை உதறி, உங்கள் முன்கையின் உள்பக்கத்தில் ஒருமுறை வைத்துப் பார்த்து, முட்டின் மேலும் இரண்டு பக்கமும் சுற்றிப் போடுங்கள். முட்டுச் சிரட்டையோடு (முட்டின் முன்னால் இருக்கிற வட்ட எலும்பு) நிறுத்தாமல், அதற்கு மேலே தொடையின் கீழ்ப்பாதி வரைக்கும் வரட்டும், ஏனென்றால் இறுகியிருப்பது பெரும்பாலும் அந்தத் தசைதான். ஆற ஆற மாற்றி மொத்தம் 15 நிமிஷம், கூடிப்போனால் 20. அதற்கு மேல் வைப்பதால் கூடுதல் பலன் இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கித் தோலைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி, சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

ரப்பர் பேக்தான் வசதி என்றால் அதே கலவைத் தண்ணீரை முக்கால் பாகத்துக்கும் குறைவாக ஊற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றி, மூடியை இறுக்கி, கவிழ்த்து ஒழுகுகிறதா என்று பார்த்து, தடித்த துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி வையுங்கள். கொதிக்கிற தண்ணீரை நேராக ஊற்றவே கூடாது. ரப்பர் வெளுத்து வெடிப்பு விட்டிருந்தால் தூக்கிப் போடுங்கள். கரண்டில் சூடாகிற பை வைத்திருந்தால், சூடானதும் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் உடம்பில் வைக்க வேண்டும். எந்தப் பையாக இருந்தாலும் காலுக்கு அடியில் வைத்து அதன் மேல் முட்டை அமுக்கிப் படுக்கக் கூடாது, உடம்பின் பாரம் அழுத்துகிற இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து சூடு வெளியேற முடியாமல் தோல் வேகும்.

உப்புக் கிழியைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். தண்ணீர் எவ்வளவு எரித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது. இரும்புச் சட்டியில் வறுக்கிற கல்லுப்புக்கும் மணலுக்கும் அப்படி ஒரு எல்லை கிடையாது, 100ஐத் தாண்டிப் போகும், அதிலும் அடியில் கிடந்தது ஒரு சூடு, மேலே கிடந்தது ஒரு சூடு. துணியில் கட்டி வைத்தபின் வெளியிலிருந்து ஊகிக்க முடியாது. உணர்வு நன்றாக இருக்கிறவர்கள் "ஐயோ" என்று காலை இழுத்துவிடுவார்கள். அம்மாவால் முடியாது. நொச்சி இலை, எருக்கிலை வைத்துக் கட்டுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான், கூடவே எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும். அம்மாவுக்கு உப்புக் கிழி வேண்டவே வேண்டாம்.

எண்ணெய் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம் மாவட்டத்தில் முட்டுவலி இருக்கிற வீட்டில் ஒரு குப்பி முறிவெண்ணெய் இல்லாமல் இருக்காது. வைத்தியரிடம் வாங்கிய எண்ணெயை லேசாகத் தடவி நீவுவதில் தப்பில்லை, முறையாகப் பார்க்க வேண்டுமென்றால் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கூடாதது எதுவென்றால், சுருக்கென்று எரிகிற அல்லது குளிர்கிற பாம், ஸ்பிரே, மிளகாய்ச் சத்துக் களிம்பு, டாக்டர் எழுதிய வலி ஜெல் இவற்றைத் தடவிவிட்டு அதன் மேலேயே ஒத்தடம் வைப்பது. சூட்டில் தோல் மருந்தைக் கூடுதலாக உறிஞ்சும், எரிச்சலில் சூடு எவ்வளவு என்று தெரியாமலும் போகும். களிம்பு போடுவதென்றால் ஒத்தடமும் பயிற்சியும் முடிந்து தோல் நன்றாக ஆறினபிறகு. சுகர் இருப்பதால் வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவது கிட்னிக்கு ஆகாது, அதை எப்போதும் டாக்டர் எழுதித்தான் எடுக்க வேண்டும்.

இனி அந்த அரை மணி நேரம். கட்டிலில் காலை நீட்டி உட்காரச் சொல்லுங்கள். முட்டுக்கு அடியில் ஒரு துவர்த்தைச் சுருட்டி வைத்து, அதை முட்டால் கீழே அழுத்தச் சொல்லுங்கள். சரியாகச் செய்தால் சிரட்டைக்கு மேலே தொடைத் தசை இறுகி மேடாவது உங்கள் உள்ளங்கைக்குத் தெரியும். 5 எண்ணும்வரை பிடித்து விட வேண்டும், மூச்சை அடக்கக் கூடாது. ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை. அடுத்தது நாற்காலி. கை வைத்த உறுதியான நாற்காலியைச் சுவரோரம் போட்டு, உட்கார்ந்தபடி ஒரு காலை மெல்ல நேராக நீட்டி, 5 எண்ணி, மெல்ல இறக்க வேண்டும். அதுவும் பழகினபின் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. முதலில் கையை ஊன்றி, பிறகு ஊன்றாமல். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் கக்கூஸ் போகவும் பஸ் படி ஏறவும் வேண்டிய பலத்தை இதுதான் கொடுக்கும். நாற்காலி தாழ்வாக இருந்தால் மேலே ஒரு தலையணை போட்டு உயர்த்துங்கள், பலம் வர வர எடுத்துவிடலாம். கடைசியில் முற்றத்தில் பத்து நிமிஷம் நடை.

பயிற்சி செய்யும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். அன்று சாயங்காலமோ மறுநாள் காலையோ வழக்கத்தைவிடக் கூடுதல் வலியோ வீக்கமோ இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். முதல் வாரத்திலேயே "ஒண்ணும் கொறயல்ல" என்று அம்மா அலுத்துக்கொள்வார், அந்த நேரத்தில் நீங்கள்தான் கூட உட்கார்ந்து எண்ண வேண்டும். இன்னொன்று, ராத்திரி முழுக்க முட்டுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவது நிறைய பேருக்கு வழக்கம். சுகமாக இருக்கும், ஆனால் நாளடைவில் முட்டு மடங்கின நிலையிலேயே நின்றுவிடும், அப்புறம் நிமிர்த்துவது பெரும்பாடு.

உணர்வுச் சோதனையில் அம்மா தவறினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அப்போது சூட்டை மட்டும் விட்டுவிடுங்கள், பயிற்சியை விட வேண்டாம். தொடையில் உணர்வு நன்றாக இருந்தால் அங்கே மட்டும் துவர்த்து ஒத்தடம் போதும். இல்லையென்றால் முட்டை ஒரு கம்பளித் துணியால் மூடி, உட்கார்ந்தபடி இரண்டு நிமிஷம் காலை ஆட்டினால் அதுவே ஓரளவு இளக்கும். நமக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில், மழை என்று சொல்லி வீட்டுக்குள் முடங்குகிற மாதங்கள்தான் முட்டை அதிகம் இறுக்குகின்றன.

ஐஸ் சொன்னவர் சொன்னதும் தப்பில்லை, அதற்கு நேரம் வேறு. கல்யாண வீட்டுக்குப் போய் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து முட்டு வீங்கி, தொட்டால் மற்ற முட்டைவிடச் சுடுகிறது என்றால் அப்போது சூடு வைத்தால் வீக்கம் கூடும். துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிஷம், கால் நீட்டி ஓய்வு. மரத்த தோலுக்கு ஐஸும் ஆபத்துதான், சோதனையில் தவறினால் அதுவும் வேண்டாம். புதிதாக விழுந்து அடிபட்டால் முதல் இரண்டு மூன்று நாள் சூடும் கூடாது, எண்ணெய் தேய்த்து உழிச்சலும் கூடாது. முட்டு திடீரென்று சிவந்து வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், அல்லது ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், வீட்டு வைத்தியம் எதுவுமே செய்யாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மூட்டுக்குள் கிருமியோ காலின் ரத்தக் குழாயில் ரத்தக்கட்டியோ இருக்கலாம். காலை எழுந்தால் இறுக்கம் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடுவதுதான் தேய்மானத்தின் வழக்கம். ஒரு மணி நேரம் ஆகியும் விடவில்லை, கை விரல் மூட்டுகளும் வீங்குகின்றன என்றால் அது வேறு வாதமாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை வேண்டும்.

நாகர்கோவில் மெழுகுக்கு வருகிறேன். உருக்கிய பாரஃபின் மெழுகை அடுக்கடுக்காகப் பூசுவார்கள், இதமாகத்தான் இருக்கும். கை விரல்களுக்கு அது நல்ல வழி, வளைவு நெளிவில் எல்லாம் ஒட்டும். முட்டுக்குத் துவர்த்து கொடுக்காத எதையும் அது கொடுத்துவிடாது. "கரண்டு வைக்கிறது" என்று நம் ஆட்கள் சொல்கிற ஆழச்சூட்டு மெஷினும் தேவைப்பட்டால் மட்டும், அதுவும் இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் உடம்பில் அந்த இடத்தில் உலோகம் பொருத்தியவர்களுக்கும் கூடாது, உணர்வு குறைந்தவர்களுக்கும் கூடாது. கருங்கலிலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் பஸ் ஏறி இறங்கி, மெழுகு வைத்துவிட்டு அதே முட்டோடு திரும்ப பஸ் ஏறுவதில் அம்மாவுக்கு என்ன லாபம்? ஒரு பிசியோவிடம் ஒன்றிரண்டு முறை போய்ப் பயிற்சியைச் சரியாகக் கற்றுக்கொண்டு வருவது அதைவிட உருப்படியான செலவு. போக்குவரத்து முடியவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மக்களைத் தேடி மருத்துவம் பற்றிக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம், சுகர் மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது.

முட்டுக்கு வருகிற பாரத்தையும் குறைக்க வேண்டும். உடம்பில் 1 கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முட்டில் ஏறும் பாரம் சுமார் 4 கிலோ குறையும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள், அம்மா கனத்த உடம்பு என்றால் இது சுகருக்கும் நல்லது. கம்பு பிடிக்க வெட்கப்பட வேண்டாம், இடது முட்டு மோசம் என்பதால் வலது கையில் பிடிக்கட்டும். மீன் வெட்டுவதை அரிவாள்மணையிலிருந்து மேசைக்கு மாற்றுங்கள். கருங்கல் பக்கம் என்பதால் கேட்கிறேன், சாயங்காலக் குடும்ப ஜெபத்துக்கு அம்மா முழங்கால் படியிடுகிற வழக்கம் உண்டா? சிமென்ட் தரையில் அத்தனை நேரம் சிரட்டையை அழுத்தி நிற்பது இப்போதைய முட்டுக்கு ஆகவே ஆகாது. நீங்கள் சொன்னால் கேட்காமல் இருக்கலாம், பங்குச் சாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்லி, நாற்காலியில் இருந்து ஜெபிக்கலாம் என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.